குடிவழி காட்டும் ஏடுகள்

முன்னோரை மறவாமை நம் சமயத்தின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்றாகும். இல்வாழ்வான் காக்க வேண்டிய ஐவகைக் கடமைகளை வகுத்த திருவள்ளுவப் பெருந்தகை, அவற்றுள் தென்புலத்தாரையே முதலில் வைத்தார். தெய்வமும் விருந்தும் சுற்றமும் அதன் பின்னரே இடம் பெற்றன. ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை, தை அமாவாசை ஆகிய நாள்களில் இந்நாட்டின் ஆற்றங்கரைகளிலும் கடற்கரைகளிலும் ஆலய மண்டபங்களிலும் பக்தர்கள் கூடி எள்ளும் நீரும் இறைக்கின்றனர். அவ்வேளையில் தந்தை, பாட்டன், பாட்டனாரின் தந்தையாகிய பூட்டன் என மூன்று தலைமுறையினரின் பெயர்களைச் சொல்லுமாறு குருக்கள் கேட்பது மரபு. தந்தையின் பெயர் தடையின்றி வருகிறது. பாட்டனாரின் பெயர் சற்று எண்ணிப் பார்த்தபின் வருகிறது. மூன்றாம் பெயரில் பலருடைய நாவும் தயங்கி நின்றுவிடுகிறது.

இத்தயக்கத்திற்கு அன்புக் குறைவு காரணமன்று. கடல் கடந்து வந்த ஒரு சமுதாயம், வந்த வழியை எழுதி வைக்க வாய்ப்பின்றி வாழ்ந்ததே காரணம். அவ்வழியை மீண்டும் கண்டறிய இயலுமா, இயலுமாயின் எந்த ஏடுகளைத் துணைக்கொள்வது, அவ்வேடுகளுள் ஆலயத்தின் ஏடுகளுக்கு உரிய இடம் யாது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மேலைநாட்டார் கண்ட வழி

குடிவழி வரலாற்றைத் தேடும் பணி மேலைநாடுகளில் ஒரு பெருங்கலையாக வளர்ந்துள்ளது. இங்கிலாந்தில் 1538-ஆம் ஆண்டு, எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல், ஒவ்வொரு தேவாலயமும் தன் வட்டாரத்தில் நிகழும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி வர வேண்டும் என ஆணையிட்டார். அரசே பிறப்பு, இறப்பு, திருமணங்களைப் பதியத் தொடங்கியது 1837-இல்தான். ஆக, ஏறத்தாழ முந்நூறு ஆண்டுக் காலம் அந்நாட்டு எளிய மக்களின் பெயர்களைக் காத்தவை அவர்களுடைய வழிபாட்டுத் தலங்களே. மன்னர்களின் வரலாற்றை அரண்மனை காத்தது; உழவனின் பெயரையும் தச்சனின் பெயரையும் ஊர்க் கோயிலின் ஏடு காத்தது.

பின்னாளில் அவ்வேடுகளும், நிலப் பத்திரங்களும், உயில்களும், வரிக் கணக்குகளும் கவுண்டி எனப்படும் மாவட்டங்கள்தோறும் ஆவணக் காப்பகங்களில் ஒருங்கே சேர்க்கப்பட்டன. 1913-இல் பெட்ஃபோர்டுஷயர் மாவட்டம் இதற்கு வழிகாட்டியது. ஏடுகள் ஓரிடம் சேர்ந்ததும், அவற்றைத் தேடுவோரும் ஒன்று சேர்ந்தனர். 1911-இல் இலண்டனில் குடிவழி ஆய்வாளர் சங்கம் நிறுவப்பட்டது. 1974-இல் பல வட்டாரங்களின் குடும்ப வரலாற்றுச் சங்கங்கள் இணைந்து கூட்டமைப்பு ஒன்றையும் கண்டன. அச்சங்கத்தினர் செய்த பெரும்பணி, பழைய பதிவேடுகளை வரி வரியாகப் படித்து அகரவரிசைப்படுத்திப் பிறர் பயன்பாட்டிற்கு வழங்கியதேயாகும். தன் பாட்டனாரைத் தேடிச் சென்றவர் பிறருடைய பாட்டனாரையும் கண்டெடுத்துக் கொடுத்தார். அவருடைய பாட்டனாரை வேறொருவர் கண்டு சொன்னார்.

அமெரிக்காவில் அடிமைகளாகக் கொண்டு செல்லப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் வழித்தோன்றலான அலெக்ஸ் ஹேலி, தம் குடிவழியை மையமாகக் கொண்டு எழுதிய ‘வேர்கள்’ என்னும் நூல் 1976-இல் வெளிவந்தது. அந்நூலில் கற்பனையும் கலந்துள்ளது எனப் பின்னர் ஆய்வாளர் சுட்டினர். எனினும், பெயர் பறிக்கப்பட்ட மக்களும் தம் முன்னோரைத் தேட உரிமை உடையவர்கள் என்னும் உணர்வை அது உலகெங்கும் எழுப்பியது என்பதில் ஐயமில்லை.

நம்மவரிடம் ஏடுகள் இருந்தனவா?

பெயர்களைப் பதிந்து காக்கும் வழக்கம் தமிழருக்குப் புதிதன்று. 1010-ஆம் ஆண்டில் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளை இதற்குச் சான்றாகக் காட்டலாம். முதலாம் இராசராச சோழன் அக்கோயிலின் பணிக்கென அமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரின் பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொருவரும் எவ்வூர்க் கோயிலிலிருந்து வந்தவர், எத்தெருவின் எச்சிறகில் எத்தனையாவது வீட்டில் குடியமர்த்தப்பட்டவர் என்பதும் அதில் உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு பெண்ணின் பெயரும் ஊரும் வீடும் இன்றும் படிக்கக் கிடைப்பது, கோயில் அவற்றைக் கல்லில் எழுதி வைத்தமையால்தான்.

வடநாட்டில் அரித்துவாரம் போன்ற தலங்களில் பண்டாக்கள் எனப்படும் தீர்த்தப் புரோகிதர்கள், தம்மிடம் வரும் யாத்திரிகர்களின் ஊரையும் குடும்ப உறுப்பினர் பெயர்களையும் தலைமுறை தலைமுறையாக ஏடுகளில் எழுதி வருகின்றனர். தமிழகத்தில் நகரத்தார் சமூகத்தினர் இளையாற்றங்குடி, மாற்றூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி என்னும் ஒன்பது கோயில்களின் வழியே தம் குடிவழியைக் காத்து வருகின்றனர். திருமணத்தின்போது அவரவர் கோயிலிலிருந்து மாலை வருவதும், புதிதாக மணம் முடித்த இணையர் ‘புள்ளி’ எனக் கோயில் கணக்கில் சேர்க்கப்படுவதும் அவர்களுடைய வழக்கம். இதனால் அயல்நாட்டில் பிறந்து வளர்ந்த ஒருவரும் தம் கோயிலின் பெயரைச் சொன்ன அளவில் தம் பங்காளிகளை அடையாளம் காண முடிகிறது. பினாங்கில் 1857-இலும், சிங்கப்பூர்த் தேங்க் சாலையில் 1859-இலும் தண்டாயுதபாணி ஆலயங்களை எழுப்பியவர்கள் இச்சமூகத்தினரே என்பது பலரும் அறிந்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்தோருக்கு, காணி உரிமைகளைப் பதிந்த ஒல்லாந்தர் காலத்துத் தோம்பு ஏடுகளும் பிற்காலக் காணி உறுதிகளும் துணை செய்யும். மலாயாவில் அவர்தம் நூற்றாண்டு வரலாற்றைத் துரைராஜசிங்கம் அவர்கள் 1867 முதல் 1967 வரையிலான காலத்திற்குத் தொகுத்தளித்துள்ளார்.

ஆனால் தோட்டப்புறங்களுக்கு வந்த பெருந்திரளான மக்களின் நிலை என்ன? அவர்களுக்குத் தோம்பும் இல்லை. புள்ளிக் கணக்கும் இல்லை.

அயலகத் தமிழரும் கப்பல் பட்டியல்களும்

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக்குச் சென்ற தமிழரின் நிலையை இங்கு ஒப்பிட்டுப் பார்ப்பது தகும். சென்னையிலிருந்து புறப்பட்ட ‘துருரோ’ என்னும் கப்பல் 1860 நவம்பர் 16-ஆம் நாள் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை 152,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக அங்குச் சென்றனர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் வழங்கப்பட்டது. பெயர், தந்தையின் பெயர், வயது, சாதி, உயரம், உடலில் உள்ள மச்சம் அல்லது தழும்பு, ஜில்லா, தாலுகா, கிராமம் ஆகிய அனைத்தும் கப்பல் பட்டியலில் எழுதப்பட்டன. மனிதரைச் சரக்குபோல் எண்ணிட்டு எழுதிய கொடுமையான ஏடு அது. ஆயினும், பேராசிரியர் சுரேந்திர பானா, ஜாய் பிரெய்ன் முதலிய ஆய்வாளர்கள் அப்பட்டியல்களைத் தொகுத்து ஆராய்ந்ததன் பயனாக, இன்று நேட்டால் தமிழர் பலர் அந்த எண்ணைக் கொண்டே தம் பூட்டனாரின் கிராமத்தைக் கண்டறிகின்றனர்.

மொரீசியசுக்கு 1834 முதல் ஏறத்தாழ நான்கரை இலட்சம் பேர் சென்றனர். 1860-களிலிருந்து அவர்களுடைய நிழற்படங்களும் எடுக்கப்பட்டன. அவ்வாவணங்கள் அங்குள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் காக்கப்பட்டு வருகின்றன. அம்மக்கள் கரையேறிய ‘ஆப்ரவாசி காட்’ என்னும் இடத்தை 2006-இல் யுனெஸ்கோ உலக மரபிடமாக அறிவித்தது. பிஜித் தீவுக்கு 1879 முதல் 1916 வரை சென்ற அறுபதினாயிரத்திற்கும் மேற்பட்டோரின் அனுமதிச் சீட்டுகளும் அந்நாட்டில் உள்ளன. பிஜி, கயானா, சுரிநாம், திரினிடாட் ஆகிய நாடுகளின் ஒப்பந்தத் தொழிலாளர் ஆவணங்கள் 2011-இல் யுனெஸ்கோவின் ‘உலக நினைவகம்’ பதிவேட்டில் இடம் பெற்றன.

மலாயாவின் தனிநிலை

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் நிலைமை வேறு. நீரிணைக் குடியேற்றங்களான பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகியவை 1867 வரை இந்திய அரசின் ஆட்சியின்கீழ் இருந்தன. தமிழகக் கடற்கரைக்கும் இந்நாட்டிற்கும் இடையே வணிகரும் படகோட்டிகளும் தொழிலாளரும் தொன்றுதொட்டே வந்துபோயினர். மலாக்காவில் தவிநாயகம் செட்டி அவர்களால் 1781-இல் அமைந்த பொய்யாத விநாயகர் ஆலயமும், 1819-இல் இராஃபிள்சுடன் வந்த நாராயண பிள்ளை அவர்களின் முயற்சியால் 1827-இல் எழுந்த சிங்கப்பூர் மாரியம்மன் ஆலயமும் அத்தொடர்பின் சான்றுகள். கோலாலம்பூரில் 1873-இல் மகா மாரியம்மன் ஆலயம் கண்ட தம்புசாமிப் பிள்ளை அவர்களின் பெயரும் இவ்வரிசையில் வைத்தெண்ணத் தக்கது.

கரும்பு, காப்பித் தோட்டங்களுக்குச் சஞ்சிக்கூலி முறையில் ஆள் சேர்ப்பது 1910-இல் முடிவுக்கு வந்தது. இரப்பர்த் தோட்டங்கள் பெருகிய காலத்தில் கங்காணி முறையே மேலோங்கியது. 1907-இல் தமிழர் குடிநுழைவு நிதி ஏற்படுத்தப்பட்டு, வருவோரின் கப்பல் கட்டணத்தை அதுவே ஏற்றது. உரிமம் பெற்ற கங்காணி தன் சொந்த ஊருக்கும் அக்கம்பக்கத்து ஊர்களுக்கும் சென்று உறவினரையும் ஊராரையும் திரட்டினார். நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்த முகாம்களில் அவர்களைத் தங்க வைத்துக் கப்பலேற்றினர். 1938-இல் இந்திய அரசு உதவிக் கட்டணத்தில் ஆள் அனுப்புவதைத் தடை செய்யும் வரை இம்முறை நீடித்தது.

இம்முறையில் வந்தவர் ஆண்டுக்கணக்கில் ஒப்பந்தத்தால் கட்டுண்டவர் அல்லர். ஆகையால் நேட்டாலில் இருந்ததுபோல் ஒருவரை ஆயுள் முழுதும் தொடரும் எண்ணும் பதிவும் அவருக்கு அமையவில்லை. அரசு அறிக்கைகள் எத்தனை ஆயிரம் பேர் வந்தனர், எத்தனை ஆயிரம் பேர் திரும்பினர் என்று தொகை சொல்லும், பெயர் சொல்லா. ஒப்பந்தத்தின் விலங்கு குறைந்தது நன்மையே. ஆனால் அதனோடு பெயர்ப் பதிவும் குறைந்தது.

எஞ்சிய ஏடுகளுள் பலவற்றை 1941-இல் தொடங்கிய போர் அழித்தது. சயாம் மரண இரயில் பாதைக்கு 1942, 1943-ஆம் ஆண்டுகளில் கொண்டு செல்லப்பட்ட பல்லாயிரம் தமிழருள் திரும்பாதோர் பலர். காஞ்சனபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைகளில் பெரும்பாலானவை பெயர் தாங்கி நிற்கின்றன. அதே பாதையில் மாண்ட நம் மக்களுக்கு அவ்வாறு பெயர் தாங்கிய கல்லறைகள் அமையவில்லை. 1950-களிலும் 60-களிலும் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது ‘செக்ரோல்’ ஏடுகள் கவனிப்பாரற்றுப் போயின. தோட்டங்கள் பின்னர் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது லயங்களும் தமிழ்ப்பள்ளிகளும் சில இடங்களில் கோயில்களும் இடம் பெயர்ந்தன. ஏடுகள் சென்ற இடத்தைக் கேட்டறிவாரும் இல்லை.

இல்லத்திலிருந்து தொடங்குக

ஆகவே இந்நாட்டில் குடிவழி தேடுவோர் பெரிய ஆவணக் காப்பகங்களிலிருந்து தொடங்காது, இல்லத்திலிருந்தே தொடங்க வேண்டும். வீட்டிலுள்ள முதியோரே முதல் ஏடு. ‘எந்த ஊர்?’ என்று மட்டும் கேட்டால் போதாது. எந்த ஜில்லா, எந்தத் தாலுகா, பக்கத்தில் எந்தச் சந்தை, எந்த ஆறு, எந்த இரயில் நிலையம், எந்தச் சாமிக்கு முடி இறக்கினார்கள் என்று கேட்க வேண்டும். புதுப்பாளையம், மேட்டுப்பட்டி என்னும் பெயருடைய ஊர்கள் தமிழகத்தில் பல. சந்தையும் ஆறும் கோயிலுமே அவற்றுள் ஒன்றைப் பிரித்துக் காட்டும்.

இரண்டாவது, பெட்டியிலும் பரணிலும் உள்ள தாள்கள். பிறப்புச் சான்றிதழ், 1948 முதல் வழங்கப்பட்ட அடையாள அட்டை, குடியுரிமைக்காக அளித்த சத்தியப் பிரமாணம், பழைய கடவுச்சீட்டு, கப்பல் பயணச்சீட்டு ஆகியவை முதன்மையானவை. 1926-இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ கப்பல் 1970-களின் தொடக்கம் வரை நம்மவரை ஏற்றி இறக்கியது. அதில் பயணம் செய்தோரின் கடவுச்சீட்டுகள் சில இல்லங்களில் இன்னும் இருக்கக்கூடும். மலாயாவில் 1951-இல் தோன்றிய ஊழியர் சேமநிதி, சிங்கப்பூரில் 1955-இல் தோன்றிய மத்திய சேமநிதி, துன் வீ. தி. சம்பந்தன் அவர்களின் முயற்சியால் 1960-இல் உருவான தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் ஆகியவற்றின் பழைய அட்டைகளும் பங்கு நூல்களும் பெயரையும் வாரிசையும் காட்டும்.

மூன்றாவது, பலரும் பொருட்படுத்தாத ஏடுகள். அந்நாளைய திருமண அழைப்பிதழ்களில் ‘திருச்சி ஜில்லா, முசிறி தாலுகா’ என ஊர் விவரமும், அதன்கீழ் ‘தற்போது இருப்பது’ எனத் தோட்டத்தின் பெயரும் அச்சிடப்படுவது உண்டு. கருமாதிப் பத்திரிகையில் பங்காளிகளும் மாமன் மைத்துனர்களும் வரிசையாக இடம் பெறுவர். மொய்ப் பட்டியலில் வந்தவர் பெயரும் அவர் வாழ்ந்த தோட்டமும் இருக்கும். எவர்சில்வர் பானையிலும் செம்புக் குடத்திலும் பொறித்த தலைப்பெழுத்துகள்கூடக் குடிவழியின் குறிப்புகளே. 1924 முதல் 2019 வரை வெளிவந்த ‘தமிழ் நேசன்’, 1935-இல் தொடங்கிய ‘தமிழ் முரசு’ ஆகிய நாளிதழ்களின் மரண அறிவித்தல்களும் இத்தகையன. சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம் ‘தமிழ் முரசின்’ பழைய இதழ்களை மின்னுருவாக்கியுள்ளது.

பெயரே ஒரு வழிகாட்டி

மகனின் மகனைத் தமிழில் ‘பெயரன்’ என்கிறோம். பாட்டனாரின் பெயரைத் தாங்குபவன் என்பதே அதன் பொருள். ஒரு குடும்பத்தில் ஒன்றுவிட்ட தலைமுறைகளில் ஒரே பெயர் மீண்டும் மீண்டும் வருமாயின், மறந்துபோன பூட்டனாரின் பெயரை அதனின்று ஊகித்தறிய வாய்ப்புண்டு. ஊகித்ததைப் பிற சான்றுகளால் உறுதி செய்த பின்னரே ஏற்க வேண்டும்.

பெயர்கள் ஊரையும் உணர்த்தும். சுடலைமுத்து, இசக்கி என்னும் பெயர்கள் பெரும்பாலும் நெல்லைச் சீமையையும் குமரியையும் நினைவூட்டுவன. தீர்த்தகிரி என்னும் பெயர் தருமபுரிப் பகுதியின் தீர்த்தமலையை நோக்கிக் கை காட்டும். பச்சையம்மாள், பச்சையப்பன் என்னும் பெயர்கள் பச்சையம்மன் வழிபாடு தழைத்த வடதமிழக வட்டாரங்களை எண்ணச் செய்யும். குலதெய்வத்தின் பெயரைப் பிள்ளைக்குச் சூட்டும் வழக்கத்தால் வந்த நன்மை இது.

குலதெய்வமே குடிவழித் தேடலின் நங்கூரம் எனலாம். நிலம் உடையவன் பெயர் பட்டாவில் இருக்கும். கூலி வேலை செய்த ஏழையின் பெயர் அங்கே இராது. ஆயினும் அவ்வேழைக்கும் குலதெய்வம் உண்டு. குடும்பம் பல ஊர்களுக்குப் பெயர்ந்தாலும் அத்தெய்வத்தின் எல்லை மாறுவதில்லை. பங்காளிகள் கூடும் திருநாளில் அங்குச் சென்று விசாரிப்போர், ‘மலாயாவுக்குப் போனவன் வீட்டுப் பிள்ளை’ என்று அடையாளம் காணப்படுவதும் உண்டு.

ஆவணங்களில் பெயரைத் தேடும்போது எழுத்துப் பிழைகளுக்கு இடங்கொடுக்க வேண்டும். தோட்டத்துக் கிராணியும் மருத்துவமனை எழுத்தரும் தம் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினர். ஒரே தாயின் மூன்று பிள்ளைகளின் சான்றிதழ்களில் தந்தையின் பெயர் மூன்று விதமாக இருப்பது அரிதன்று. பெண்களின் பெயர்களோ பல ஏடுகளில் ‘இன்னாரின் மனைவி’ என்பதோடு முடிந்துவிடும். ஆதலின் பாட்டிமார்களின் பிறந்தகத்தை முதியோரிடம் தனியே கேட்டு எழுதிக்கொள்வது இன்றியமையாதது.

ஜில்லாவும் கிராமமும்

தமிழகத்தில் தேடுவோர் முதலில் அறிய வேண்டியது மாவட்டப் பிரிவினை. ஆவணத்தில் தென்னார்க்காடு என்றிருந்தால், 1993-இல் அது கடலூர், விழுப்புரம் எனப் பிரிந்ததையும், 2019-இல் கள்ளக்குறிச்சி தனியானதையும் கருத வேண்டும். வடார்க்காடு 1989-இல் பிரிக்கப்பட்டு வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களுக்கு வழிவிட்டது. சேலத்திலிருந்து 1965-இல் தருமபுரியும் 1997-இல் நாமக்கல்லும் பிரிந்தன. பழைய திருச்சி ஜில்லாவின் பகுதிகள் இன்று புதுக்கோட்டை, கரூர், பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் உள்ளன. தஞ்சையிலிருந்து 1991-இல் நாகப்பட்டினம் பிரிந்தது. பின்னர்த் திருவாரூரும் மயிலாடுதுறையும் தனி மாவட்டங்களாயின.

கிராமத்தில் முன்பு கணக்குகளைக் காத்தவர்கள் கணக்குப்பிள்ளையும் மணியக்காரரும். பரம்பரையாக வந்த அப்பதவிகள் 1980-இல் ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர் பதவி உருவாக்கப்பட்டது. பட்டா, சிட்டா, அடங்கல் முதலியன நிலத்தை உழுதவர், உரிமையாளர் ஆகியோரின் பெயர்களைக் காட்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் கிரயப் பத்திரங்களும் பாகப்பிரிவினைப் பத்திரங்களும் உள்ளன. அண்ணன் தம்பியர் சொத்தைப் பிரித்துக்கொண்ட பத்திரம் ஒன்று கிடைப்பின், ஒரு தலைமுறையே அதில் வரிசையாக நிற்கும். ‘மலாயாவில் இருக்கும்’ சகோதரனின் பங்கும் அதில் குறிக்கப்பட்டிருக்கலாம். பிறப்பு இறப்புப் பதிவுகள் 1899-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் படிப்படியாகப் பெருகின. சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பழைய ஜில்லாக்களின் ஆவணங்கள் காக்கப்படுகின்றன.

இந்நாட்டில், 1957-இல் தோன்றிய மலேசியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் சிலாங்கூர் செயலகக் கோப்புகள் முதலியன உள்ளன. சிங்கப்பூரில் 1968-இல் அமைந்த தேசிய ஆவணக் காப்பகமும், 1979-இல் தொடங்கிய வாய்மொழி வரலாற்றுப் பணியும் பெருந்துணையாவன. இலண்டனில் பிரித்தானிய நூலகத்திலுள்ள இந்திய அலுவலக ஆவணங்களும் ஆராயத் தக்கன. அங்கெல்லாம் தனி மனிதரின் பெயர் கிட்டாவிடினும், அவர் வாழ்ந்த தோட்டத்தின் வரலாறும் வந்த காலத்தின் நிலையும் கிட்டும்.

தேடுவோர் கூடுக

இத்தேடலைத் தனியொருவர் செய்து முடித்தல் அரிது. கங்காணி தன் ஊராரையே திரட்டி வந்தார் என்பதை மேலே கண்டோம். ஆகவே ஒரே தோட்டத்தில் வாழ்ந்த பல குடும்பங்களின் மூல ஊர்கள் ஒன்றுக்கொன்று அண்மையில் இருக்கக்கூடும். ஒரு குடும்பம் தன் ஊரைக் கண்டறிந்தால், அண்டை வீட்டார் பத்துப் பேருக்கு அது வழி காட்டும். ஒருவரிடம் ஊரின் பெயர் இருக்கும். மற்றொருவரிடம் கங்காணியின் பெயர் இருக்கும். மூன்றாமவரிடம் தோட்டத்துத் திருவிழாவில் எடுத்த நிழற்படம் இருக்கும். மூன்றும் ஒரு மேசையில் சேரும்போதுதான் வரலாறு உருவாகிறது.

கூடித் தேடுவோருக்குச் சில நெறிகள் தேவை. ஒவ்வொரு செய்தியும் யாரிடமிருந்து, எந்நாளில், எந்த ஆவணத்திலிருந்து பெறப்பட்டது என்பதை எழுதி வைக்க வேண்டும். கேள்விப்பட்டதையும் கண்டறிந்ததையும் கலத்தல் ஆகாது. அடையாள அட்டை எண் போன்ற உயிருடன் இருப்போரின் விவரங்களை அவர்தம் இசைவின்றிப் பிறருக்கு அளித்தல் கூடாது.

மற்றொன்றும் கருதத் தக்கது. ஏடுகள் இனியவற்றை மட்டுமே சொல்லும் என எதிர்பார்த்தல் தவறு. முன்னோர் சிலர் கடனுக்கு அஞ்சி வந்தனர். சிலர் சாதிக் கொடுமை தாளாது பெயரை மாற்றிக்கொண்டு வந்தனர். கைம்பெண்கள் சிலர் கைக்குழந்தையுடன் தனியே வந்தனர். ஊரில் ஒரு குடும்பமும் இங்கொரு குடும்பமுமாக வாழ்ந்தோரும் உண்டு. இவற்றைக் கண்டு நாணுவதற்கு ஒன்றுமில்லை. அத்துயரங்களைக் கடந்து அவர்கள் உழைத்தமையால்தான் இன்றைய தலைமுறை தலைநிமிர்ந்து நிற்கிறது. குடிவழி தேடுவது உயர்குடிப் பெருமை பேசுவதற்கன்று, நன்றி செலுத்துவதற்கே.

ஆலயத்தின் பொறுப்பு

இங்கிலாந்தில் எளியோரின் பெயர்களைத் தேவாலய ஏடுகள் காத்தன. தஞ்சையில் கோயிற்சுவர் காத்தது. இந்நாட்டில் அப்பணியைச் செய்யத் தக்கவை நம் ஆலயங்களே. ஆலயம் கட்ட அரை வெள்ளியும் ஒரு வெள்ளியும் கொடுத்தவர்களின் வசூல் பட்டியல், உபயக்காரர் ஏடு, திருமணப் பதிவு, நிர்வாகக் கூட்டக் குறிப்பு, பழைய கும்பாபிஷேக மலர், குத்துவிளக்கிலும் மணியிலும் பொறித்த பெயர், மண்டகப்படி ஏற்ற தோட்டங்களின் வரிசை ஆகிய அனைத்தும் வரலாற்று ஆவணங்கள். வேறெந்த அலுவலகமும் எழுதாத பெயர்களை ஆலயக் கணக்கர் தமிழில், பிழையின்றி எழுதி வைத்தார்.

இவ்வேடுகள் பல ஆலயங்களில் மடைப்பள்ளிக்கு அருகிலுள்ள அறைகளில் கரையானுக்கும் ஈரத்திற்கும் இரையாகின்றன. திருப்பணிக் காலத்தில் பழைய பெயர்ப் பலகைகள் பெயர்க்கப்பட்டு, மீண்டும் பதிக்கப்படாமற் போவதும் உண்டு. புதிய கோபுரம் எழுப்பும் ஆர்வத்தில் பழைய கோபுரம் எழுப்பியோரின் பெயரை இழத்தல் பெரும்பிழை. பன்னீராண்டுகளுக்கு ஒருமுறை நிகழும் திருப்பணியின்போது, பெயர்க்குமுன் ஒவ்வொரு பலகையையும் படமெடுத்தல், பழைய ஏடுகளை ஈரமற்ற பெட்டியில் வைத்தல், அவற்றை மின்படி எடுத்து ஒரு படியைத் தேசிய ஆவணக் காப்பகம் போன்ற இடத்தில் ஒப்படைத்தல் ஆகியவை பெருஞ்செலவு பிடிக்கும் பணிகள் அல்ல. ஆலய இளைஞர் பிரிவினர் ஓராண்டில் செய்து முடிக்கக் கூடியவை.

உறுப்பினர் ஏட்டில் பெயர், முகவரியோடு பூர்விக ஊர், முன்பு வாழ்ந்த தோட்டம், குலதெய்வம், பாட்டன் பாட்டியர் பெயர் ஆகியவற்றை விரும்புவோர் எழுத இடமளிப்பின், அடுத்த தலைமுறைக்கு அதுவே கப்பல் பட்டியலாக அமையும். சாதியைக் கேட்க வேண்டுவதில்லை; ஊரும் பெயரும் போதும்.

தோட்ட வாழ்வை நேரில் கண்ட முதியோரின் எண்ணிக்கை ஆண்டுதோறும் குறைந்து வருகிறது. அவர்களுள் ஒருவர் மறையும்போது, எழுதப்படாத ஏடு ஒன்று எரிகிறது. திருவிழாவிற்குக் குடும்பத்தோடு வருவோர், இம்மலரின் இறுதியில் வெறுமையாக உள்ள பக்கத்திலேனும் மூத்தோர் சொல்லும் பெயர்களை நாளும் தேதியும் இட்டு எழுதி வைப்பாராக. அப்பணிக்கு எல்லாம் வல்ல அன்னையின் திருவருளும், பெயர் தெரிந்தும் தெரியாமலும் வாழ்ந்து மறைந்த முன்னோரின் நல்லாசியும் துணை நிற்பனவாகுக.